அச்சு அசல்

"நாளைக்கு விருந்தாளிங்க வர்றாங்க. கன்னு எங்கய்யா?" என்றார் டைரக்டர்.

பைன் மரத்தின் செல்களை ஜெல்லியில் வளர்த்து, கருவாக்கி, கன்றாக்குவது அந்த ஆய்வகத்தின் வேலை. கண்ணாடித் தட்டுகளை விட்டு நகராத இளம் ஆய்வாளனுக்கு அடைகாத்தான் என்றே பெயர். அடைகாத்து என்ன பயன், கருவெல்லாம் பூஞ்சை பிடித்துப் போயிருந்தது.

டைரக்டருக்கு இந்தத் துக்கமெல்லாம் கிடையாது. வாசலில் வரிசையாக நிற்கும் பைன் மரங்கள் அவர் கைராசி. ஆண்டுவிழாவுக்கு ஒன்றாக, கதவைச் சாத்திக்கொண்டு தனி ஆளாக வளர்த்தாராம். இந்த ஆண்டு பெரிய மனது பண்ணி வாய்ப்பை அடைகாத்தானுக்கு விட்டுக்கொடுத்திருந்தார். கன்று வராவிட்டால் நீயும் வராதே என்பதையும் அன்பாகவே சொல்லியிருந்தார்.

அடைகாத்தான் நர்சரிக்கு ஓடி ஒரு பைன் கன்று வாங்கிவந்தான். டைரக்டர் தொட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒண்ணுதானா? ஒரே செல்லுலேர்ந்து வந்ததுன்னு எப்படி நம்புவாங்க? ரெண்டு வேணும், அச்சு அசலா."

மறுபடி ஓடினான். இரண்டாவது கன்று ஒரு சாண் கூடுதல் உயரம். கத்தரிக்கோலை எடுத்தான். நெட்டை குட்டையானது, பார்த்தால் குட்டை நெட்டையாகிவிட்டது. அதையும் வெட்டினான். அப்புறம் இடது பக்கம், அப்புறம் வலது பக்கம். சாயங்காலம் இரண்டும் அச்சு அசலாகிவிட்டன, பல் குத்தும் குச்சிகளாக.

அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. நர்சரிக்குப் போன் போட்டு, ஒரே உயரத்தில் இரண்டு கன்றுகளைக் காலையில் பின்வாசலுக்கு அனுப்பச் சொல்லிக் கெஞ்சினான். தன் பெயரைச் சொல்லுமளவுக்கு அவன் முட்டாள் இல்லை. ஆய்வகத்தின் பெயரை மட்டும் சொன்னான்.

மறுநாள் கூடம் நிறைய விருந்தாளிகள். தன் வித்தையை அடுத்த தலைமுறைக்குக் கற்றுக்கொடுத்த கதையை டைரக்டர் உருக்கமாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது, முன்வாசல் வழியாக இரண்டு தொட்டிகளோடு நர்சரிக்காரர் நுழைந்தார்.

அடைகாத்தான் கூட்டத்துக்குப் பின்னால் ஒதுங்கினான். வேலை போயிற்று, வீட்டில் என்ன சொல்வது என்று கண்ணை மூடிக்கொண்டான்.

நர்சரிக்காரர் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேரே போய் டைரக்டரின் காலடியில் தொட்டிகளை இறக்கிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பின்வாசல் பூட்டியிருக்குங்கய்யா, அதான் இப்படி வந்துட்டேன். வருஷா வருஷம் ஒண்ணுதானே வாங்குவீங்க, இந்தத் தடவை என்ன ரெண்டு?"