ஏறாத மலைக்கு ஒரு நிபுணர்

ஊருக்குப் பக்கத்தில் ஒரு மலை இருந்தால் போதும், அதற்கென்று ஒரு நிபுணர் தானாக முளைத்துவிடுவார். பதுளையில் அவர் பெயர் சிதம்பரநாதன்; புடைவைக்கடை முதலாளி. கடைவாசலில் நின்றால் நமுனுகுல மலை தெரியும். அது போதாதா? சீலை வாங்க வருகிறவர்களிடமெல்லாம், எந்த வெள்ளைக்காரத் துரை எந்தக் காட்டை வெட்டிக் கோப்பி போட்டான், கோப்பி செத்தபின் தேயிலை எப்படி ஏறியது, கடைசிச் சிறுத்தை எந்தச் சரிவில் படுத்திருந்தது என்று, தானே பக்கத்தில் குடை பிடித்து நின்றவர்போல விளக்குவார். மலையில் ஏறியிருக்கிறாரா? அதையெல்லாம் கேட்கக்கூடாது.

கேட்டுவிட்டார் ஒருவர். மகள் மேனுஷாவுக்கு நிச்சயித்திருந்த துவாரகனின் தாய், பாக்கியலெட்சுமி.

"எங்களையும் ஒருநாள் கூட்டிட்டுப் போங்களேன் சம்பந்தி."

மறுக்க முடியுமா? ஞாயிற்றுக்கிழமை, தோட்டத்து ரோட்டில் வேனை நிறுத்திவிட்டு, தாயும் மகனும் அப்பாவும் மகளுமாக நால்வரும் ஏறினார்கள். கையில் தடியோடு அவர்தான் முன்னே.

"இந்த டர்பன்டைன் மரம் துரை வச்சது" என்றார். அடுத்த மரத்தையும் துரைதான் வைத்தான். மூடுபனி இறங்கியது. பாதை இரண்டாகப் பிரிந்த இடத்தில், தக்க வரலாற்று ஆதாரத்தோடு பிழையான பாதையைத் தேர்ந்தெடுத்தார்.

"கோப்பி மூட்டை போன வழி இதுதான்."

மூட்டைகளின் கதி தெரியாது. பாக்கியலெட்சுமி சறுக்கி விழுந்தார். கணுக்கால் வீங்கியது. பொழுதும் சாய்ந்துகொண்டிருந்தது.

"அப்பா, வழி தெரியாதுன்னு சொல்லிருங்கப்பா" என்று மேனுஷா அழாத குறையாகக் கெஞ்சினாள். அவருக்கும் மகளின் கல்யாணமே சரிவில் உருண்டு போவதுபோல இருந்தது. ஆனாலும் அந்த இரண்டு சொற்கள் மட்டும் வாயில் வரவில்லை.

துவாரகன் கத்திய கத்தலுக்கு, கீழே தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் ஒரு லயத்திலிருந்து பதில் குரல் வந்தது. அங்கே பெரியாயி என்ற பெண் வீங்கிய காலுக்கு ஒத்தடம் கொடுத்து, எல்லாருக்கும் தேத்தண்ணி ஊற்றினாள். கோப்பையை வாங்கிய கையோடு சிதம்பரநாதன், அவள் பிறந்து வளர்ந்த அந்த லயத்தின் வரலாற்றை அவளுக்கே சொல்லத் தொடங்கினார்.

"அப்படிங்களா" என்றாள் பெரியாயி. "மொதல்ல வேன்காரருக்குப் போன் போடுங்கய்யா. இருட்டப்போகுது."

கல்யாணம் நிற்கவில்லை. பாக்கியலெட்சுமி போட்டது ஒரே நிபந்தனை: "மண்டபத்துல சம்பந்தி மைக்கைத் தொடக்கூடாது." அவரும் தொடவில்லை. இப்போதெல்லாம் கடையில் ஒரு புதுக்கதை ஓடுகிறது: முன்னொரு காலத்தில் பனியில் வழி தவறிய துரை ஒருவனின் கதை.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் வாசிக்கும்போதே, "நமுனுகுலவுக்கு அந்தப் பக்கத்தால் ஏற முடியாதே!" என்று உங்கள் ஆள்காட்டி விரல் லேசாக உயர்ந்திருந்தால், மெதுவாக இறக்கிவிடுங்கள். வீட்டில் யாராவது பார்த்துவிடப் போகிறார்கள்.