கோ தெங் கட்டைக்கு எண்ணெய் இட்ட படலம்

வாழ்க, கோ தெங்! மொறுதோல் பிளக்கும் பெருங்கத்திக் கோமானே, தேன் தடவிச் சுட்ட முழுப்பன்றியை மூச்சுவிடும் நேரத்தில் முந்நூறு துண்டாக்கும் எலும்புமுறி இடிக்கையனே, கொழுப்பொழுகும் மேலாடையும் புகைபடிந்த திருமேனியும் கொண்டு தாய்லாந்துத் திராங் நகரத்துச் சந்தையின் மேற்கு வாசலை இருபத்தாறு ஆண்டாக ஆண்டுவரும் சுட்டகறிச் சக்கரவர்த்தியே, வாழ்க! உன் கத்தி ஒருநாளும் குறி தவறியதில்லை. உன் புத்தி தவறிய நாள்கள் உண்டு. அவற்றையெல்லாம் பாட ஒரு பிறவி போதாது என்பதால் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டோம். ஒரு மரக்கட்டையை நீ தேடிய வீரத்தையும், வென்ற மாண்பையும், பெற்ற பிள்ளையைப்போல் அதைப் பேணிய பெருந்தவத்தையும் இங்கே சொல்லப்போகிறோம். கேட்பவர்கள் உட்கார்ந்து கேளுங்கள். கதை கொஞ்சம் நீளம், நிற்கிறவனுக்கு முழங்கால் வலிக்கும்.

பெரும்போர்களுக்கெல்லாம் பெண்ணோ மண்ணோ காரணம் என்பார்கள். இந்தப் போருக்குக் காரணம் முட்டைக்கோஸ்.

சீனக் கணக்கின் ஒன்பதாம் மாதம் பிறந்ததும், கோயில் முற்றத்தில் கம்பம் ஏறும், தெருவெங்கும் மஞ்சள் கொடி பறக்கும், ஊர் பாதி வெள்ளுடை தரிக்கும். ஒன்பது நாள் இறைச்சி இல்லை, மீன் இல்லை, முட்டை இல்லை, வெங்காயமும் பூண்டும்கூட இல்லை. ஜே என்று பெயர்கொண்ட அந்த நோன்பைக் கோ தெங்கின் இல்லத்தரசி நுவன் ஆண்டு தவறாமல் எடுப்பவள். சென்ற ஆண்டு அவளுடைய கோமான் தன் கறிக்கட்டையையே கொதிநீர் ஊற்றி, உப்பும் எலுமிச்சையும் போட்டுத் தேய்த்து, “சுத்தம்னா இதுதான் சுத்தம்” என்று முரசறைந்து, அதன்மேல் அவளுக்குக் காய் நறுக்கிக் கொடுத்தார். எட்டாம் நாள் மதியம் ஒரு வாய் முட்டைக்கோஸை மென்றுகொண்டிருந்தவள் அப்படியே நிறுத்தினாள். எட்டு நாள் விரதம் ஒரு கவளத்தில் சரிந்தது. அன்று தொடங்கி ஓராண்டு காலம் அவள் அதைப்பற்றிப் பெரிதாக ஒன்றும் பேசவில்லை. காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை, அவ்வளவுதான்.

இந்த ஆண்டு நோன்பு தொடங்கும் அமாவாசைக்குப் பதினைந்து நாள் முன்னால் அவள் வஞ்சினம் உரைத்தாள்.

“இந்த வருசமும் முட்டைக்கோசுல பன்னி வாடை வந்துச்சுன்னா, ஒம்பது நாளும் நான் எங்க அக்கா வீட்லதான் சாப்பிடுவேன் கோ. இப்பவே சொல்லிட்டேன்.”

இடி விழுந்திருந்தால்கூட கோ தெங் குடை பிடித்திருப்பார். அக்கா என்பவள் யார்? பொதுச்சுவருக்கு அந்தப் பக்கம் ஆவியில் வேகும் பலகாரக் கடை நடத்தும் ஜீ பியன். ஊருக்கெல்லாம் அவர் கோ, அதாவது அண்ணன்; ஜீ, அதாவது அக்காவான இவளுக்கு மட்டும் வெறும் ஆ தெங். மாவு உருட்டுவதில் அரசி, நாக்கை உருட்டுவதில் பேரரசி. தங்கையின் கணவன் செய்யும் ஒவ்வொரு பிழையையும் சுடச்சுடப் பரிமாறும் ஓயாத மாற்றலர். சொந்த மனைவி சொந்த மேசையை விட்டு அந்த வாசற்படி ஏறுவதைச் சந்தை முழுதும் பார்ப்பதா? பார்த்துவிட்டு ஒன்பது நாள் பேசுவதா? சுட்டகறிச் சக்கரவர்த்தி அன்றே சபதம் பூண்டார். இறைச்சியின் நிழல்கூடப் படாத கன்னிக் கட்டை ஒன்று வாங்கியே தீருவேன், இவள் என் மேசையில்தான் உண்பாள்.

மறுநாள் காலை ரயிலடிப் பக்கம் கட்டைக்காரரின் சிறுலாரி வந்து நின்றது. வட்டம் வட்டமாக அறுத்து அடுக்கிய கட்டைகள், தோற்ற சேனையின் கேடயங்கள்போலக் குவிந்து கிடந்தன. நடுவே வெடித்தவை, ஓரம் பூத்தவை, நிறம் பூசி வயது மறைத்தவை எனப் பலவகைப் பட்டாளம். புளியங்கட்டை என்று சொல்லித் தூங்குமூஞ்சி மரத்தைத் தலையில் கட்டும் வித்தையும் அந்த லாரியில் உண்டு. ஆனால் கோ தெங்கின் கண்ணை ஏமாற்ற முடியுமா? நகத்தால் கீறினார். நீர் தெளித்து அது ஊறும் வேகம் பார்த்தார். விரல்முட்டியால் தட்டிக் காது வைத்தார். கல்யாணத்துக்குப் பெண் பார்த்தபோது இதில் கால்பங்கு கவனம் அவரிடம் இருந்ததில்லை என்று நுவன் பிற்பாடு சொன்னது வரலாற்றில் உண்டு.

“தூக்கிப் பாருங்க கோ. புளியா தூங்குமூஞ்சியான்னு முதுகே சொல்லிரும்” என்றார் கட்டைக்காரர்.

தூக்கினார். முதுகு சொன்னது. கருஞ்சிவப்பு வயிரம் நட்டநடுவே நிற்க, வளையங்கள் நெருங்கிச் சூழ, மயிரிழை வெடிப்பும் இல்லாத மாமணிக் கட்டை. அந்த லாரியில் குற்றமற்றது அது ஒன்றே. கீழே வைத்துக் காசெடுக்கக் கையை விட்ட கணத்தில், கட்டையின் மறுவிளிம்பில் மாவு படிந்த ஒரு கை அமர்ந்தது.

“இத நான் எடுத்துக்கறேன்” என்றாள் ஜீ பியன்.

“ஜீ, நான் தட்டிப் பாத்து வச்சிருக்கேன்.”

“தட்டுனா ஒன்னோடதா? அப்படின்னா சந்தையில பாதி முலாம்பழம் எங்க வீட்லல்ல இருக்கணும்! காய் நறுக்க ஒனக்கு எதுக்கு ஆ தெங், இம்மாம் பெரிய கட்டை? நீ என்ன முட்டைக்கோசு எலும்பையா ஒடைக்கப் போற?”

இருபெரு வேழங்கள் ஒரு கரும்புக்கு மோதியதுபோல அவர் இழுக்க, அவள் இழுக்க, லாரி ஆட, கூட்டம் கூட, வேலைக்குப் போகிறவர்கள்கூட நின்று பார்த்தார்கள். கட்டைக்காரர் நடுவர் பீடம் ஏறித் தீர்ப்பு மொழிந்தார்: “சண்ட வேணாம். யாரு ஒத்தையாளா வீடுவரைக்கும் தூக்கிட்டுப் போறீங்களோ, அவங்களுக்கு.”

ஜீ பியன் முந்தானை செருகுவதுபோல் சட்டைக் கையை மடித்து, மூச்சை இழுத்து, பன்னிரண்டு கிலோ வயிரத்தை ஒரு சாண் உயர்த்தினாள். உலகம் அந்த ஒரு சாணில் நின்றது. பிறகு இறங்கியது. “ஊருக்கே கட்டில் செய்யலாம் இதுல, எனக்கு வேண்டாம்” என்று அறிவித்துவிட்டு, எதிர்க்கடையில் முயல் படம் போட்ட பிளாஸ்டிக் பலகை ஒன்றை வாங்கி அக்குளில் செருகிக்கொண்டு நடந்தாள். புறமுதுகு இவ்வளவு நிமிர்ந்து போனதை எந்தப் போர்க்களமும் கண்டிராது. கோ தெங்கோ வெற்றியைத் தோளில் ஏற்றி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, வேண்டுமென்றே நான்கு தெரு சுற்றி வீடு சேர்ந்தார்.

இனித் தவம்.

பன்றி கழுவும் தொட்டி ஆகாது என்று புதுத் தொட்டி வாங்கினார். புதுத் தூரிகை, புதுத் துணி, புதுக் கத்தி. குளிக்காமல் கட்டையைத் தொடுவதில்லை. ஐந்து நாள் உப்புநீரில் அது கண்மூடிக் கிடந்தது. அப்புறம் வெயில் படாத இடத்தில், காற்று இருபுறமும் தழுவ, விளிம்பில் நிமிர்த்தி வைக்கப்பட்டு ஐந்து நாள் இளைப்பாறியது. ரப்பர் தோட்டத்தில் முப்பது ஆண்டு பால் வெட்டியவனுக்கும் துறையில் மூட்டை சுமந்தவனுக்கும் ஒருநாள் நிழலில் சாய வாய்த்ததுண்டா? கட்டைக்கு வாய்த்தது. “வெடிச்சிரும், வேலை வாங்கக் கூடாது” என்று பரிந்து பேச அதற்கு ஆள் இருந்தது.

கடைசி மூன்று நாள் எண்ணெய்க் காப்பு. நுவன் கோயில் சமையற்கட்டில் காய் கழுவப் போயிருந்தாள். கோமான் தனித்திருந்து, முகம் இரண்டும் விளிம்பும் பளபளக்க, உள்ளங்கைச் சூடு ஏறத் தேய்த்தார். கட்டை குடித்தது. மீண்டும் தேய்த்தார், மீண்டும் குடித்தது. சுவருக்கு மேல் தலை நீட்டிய ஜீ பியனிடம், “பாத்தீங்களா ஜீ, வயிரம் வரைக்கும் எறங்குது!” என்று வீரமுழக்கம் செய்தார்.

தொட்டி புதிது, துணி புதிது, கத்தி புதிது. எண்ணெய் மட்டும் வீட்டு எண்ணெய். அடுப்புக்கு வலப்புறம், கை நீட்டினால் எட்டும் தூரத்தில், இருபத்தாறு ஆண்டாக ஒரே இடத்தில் இருக்கும் வெண்ணிறச் சாடி. அவர் பழக்கிய ஒவ்வொரு கறிக்கட்டைக்கும் அதிலிருந்தே எடுத்துத் தடவியிருக்கிறார். கை தானாகப் போயிற்று, தானாக அள்ளியது. அது அவரே காய்ச்சி வடித்த அருமையான பன்றி நெய். முகர்ந்திருந்தால் தெரிந்திருக்காதா என்பீர்கள். அவருடைய தலையணையே அந்த வாசனைதான்.

நோன்பின் முதல்நாள் விடிந்தது. முரசு அதிர்ந்தது, பட்டாசு வெடித்தது, மஞ்சள் கொடிகள் விண்ணைத் துடைத்தன. சவரம் செய்து, வெள்ளைச் சட்டை கால்சராய் அணிந்து, சுட்டகறிச் சக்கரவர்த்தி வாசல் மேசையில் கட்டையை அமர்த்தினார். நுவன் வெள்ளுடையில் கைகட்டி நின்றாள். சாட்சியாக ஜீ பியனும் வந்து நின்றாள், யாரும் கூப்பிடவில்லை. பச்சைத் தலையை நட்டநடுவில் வைத்து, புதுக்கத்தியை ஓங்கி, கோ தெங் வெட்டினார். ஆயிரம் இதழ் தாமரை அவிழ்ந்ததுபோல முட்டைக்கோஸ் இரண்டாய்ப் பிளந்து விழுந்தது.

அப்போது சந்தைப்பக்கமிருந்து ஒரு நாய் வந்தது. மேசைக்கு முன் அமர்ந்தது. கட்டையை நோக்கி, கண்ணில் நீர்மல்க, வால் மண்ணைக் கூட்ட, பக்தியில் உருகியது. பின்னாலேயே இன்னொன்று. அதன் பின் மூன்றாவது, நொண்டிக்கொண்டே.

ஜீ பியன் நாய்களைப் பார்த்தாள். கட்டையைப் பார்த்தாள்.

“ஆ தெங், முட்டைக்கோசுக்கு நாய் வருமா?”

நுவன் குனிந்து கட்டையை முகர்ந்தாள். நிமிர நேரமாயிற்று.

“என்ன எண்ணெய் தேச்சீங்க?”

“நம்ம எண்ணெய்தான்.”

“நம்ம எண்ணெய்னா?”

நடுக்கடலில் பாய் கிழிந்த கலத்தின் மாலுமிபோல, கோட்டைக் கதவை உள்ளிருந்தே திறந்துவிட்டதை விடிந்தபின் உணர்ந்த காவலன்போல, கோ தெங்கின் கண்முன் அடுப்புக்கு வலப்புறச் சாடி மெல்ல எழுந்து நின்றது. முகம் வெள்ளைச் சட்டையோடு ஒன்றானது.

“மேலாப்புலதான் தடவினேன், நுவன். உள்ள எறங்கியிருக்காது.”

“வயிரம் வரைக்கும்னு சொன்னியேப்பா” என்றாள் ஜீ பியன், மிகுந்த கருணையோடு.

வெட்டிய முட்டைக்கோஸை நுவன் நாய்கள் பக்கம் தள்ளினாள். அவை அதை ஏறெடுத்தும் பார்க்காமல் கட்டையையே வணங்கி நின்றன. அவள் தன் கிண்ணத்தையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டாள். முரசொலி முழங்க, பட்டாசுப் புகை சூழ, வெண்கொற்றக் குடை சரிந்து, சபதம் சாய்ந்து, சந்தை முழுதும் கண்கொட்டாமல் பார்த்திருக்க, அவள் பொதுச்சுவரைச் சுற்றி மாற்றலர் வாயிலை நோக்கி நடந்தாள். பதினைந்து நாள் போராடிய பெருவீரர், பன்னிரண்டு கிலோ வயிரத்தின் முன் தனியே நின்று, எதிரியின் வீட்டிலிருந்து எழும் ஆவியை நோக்கினார், தன் வயிற்றை நோக்கினார், வானத்தை நோக்கினார், பிறகு அடுக்களைக்குள் போய்த் தனக்கும் ஒரு கிண்ணத்தை ஏந்தி வெளியே வந்தார்.

மதியம் இரண்டு பேரும் அக்கா வீட்டில் முட்டைக்கோஸ் சாப்பிட்டார்கள்.