ஓடிப் போகும் காளைக்குத் தங்கள் பெயரை வைத்த விவகாரம்

கயேகா,
செவ்வாய்க்கிழமை, தேநீர் வேளை (தேநீர் போட ஆள் இல்லை).

பெருமதிப்பிற்குரிய மச்சான் திரு. ஜாபெத் முகாப்வா அவர்களுக்கு,

மாடுகளுக்கு உண்ணி மருந்துக் குளியல் போடும் தொட்டியில் முப்பத்தோரு வருடம் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்றவனும், தங்கள் தங்கை ரோடாவின் கணவனுமாகிய (இது இன்னும் செல்லுபடியாகும் என்று நம்புகிறேன்) ஹெஸ்பன் லிஹாண்டா பணிவுடன் எழுதிக்கொள்வது. தாங்களும் எடித் அக்காவும் நல்ல உடல்நலத்தோடும் என்மீது கடுங்கோபத்தோடும் இருப்பதாக நம் போதகர் வந்து சொன்னார். முதலாவதற்காக ஆண்டவருக்கு நன்றி. இரண்டாவதற்காகத்தான் இந்தக் கடிதம். போன் செய்தால் தாங்கள் எடுப்பதில்லை. எடுத்தாலும் எதிர்முனையில் சிமெந்து என்ற தங்கள் காளை மூச்சு விடும் சத்தம் மட்டும்தான் கேட்கிறது. அது தங்கள் மூச்சு என்றால் மன்னிக்கவும்.

ரோடா தங்கள் வீட்டுக்கு வந்து நாளையோடு மூன்று வாரம் ஆகிறது. "அண்ணன் கூட்டிட்டு வந்தாத்தான் வருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் கிண்டுகிற உகாலிக் களியைச் சாப்பிட முடியவில்லை. சமையலறைச் சுவரில் விரிசல் அடைக்கத்தான் உதவியது. ஞாயிற்றுக்கிழமை ஒரு கோழி வாங்கிச் சமைத்தேன். இருபத்தொன்பது வருடமாக வீட்டுத் தலைவனுக்கென்று இரைப்பையைத் தனியாக எடுத்து என் தட்டின் நடுவில் வைப்பவள் அவள்தான். இந்த முறை நானே எடுத்து, நானே வைத்து, நானே பார்த்துக்கொண்டிருந்தேன். இறங்கவில்லை மச்சான். அவள் இல்லாமல் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. ஆகவே தாங்கள் மனமிரங்கி அவளைக் கூட்டிவந்து விட வேண்டும். அதற்கு முன், நடந்தது என்ன என்று தாங்கள் என் வாயால் கேட்க வேண்டும். ஏனென்றால் ஊர் வாயால் கேட்டது பாதிதான் உண்மை. மீதிப் பாதி அதைவிட மோசம்.

எல்லாம் தள்ளுபடியில்தான் தொடங்கியது. ஓய்வுபெற்ற பிறகு, கல்லூரியில் ஏலம் விட்ட பழைய கணினி ஒன்றை வாங்கினேன் அல்லவா, அதில் வீடியோ விளையாட்டு விற்கும் கடை ஒன்று தென்பட்டது. அங்கே வருடத்தில் எல்லா நாளும் ஏதாவது ஒரு திருவிழா. கோடைத் தள்ளுபடி, பனிக்காலத் தள்ளுபடி, பன்றி வருடத் தள்ளுபடி. நமக்குக் கோடையும் இல்லை பனியும் இல்லை, ஆனால் தொண்ணூறு சதவீதம் குறைவு என்று போட்டிருந்தால் யார்தான் பருவநிலையைப் பார்ப்பார்கள்? பனிப் பிரதேசத்தில் ரயில் ஓட்டும் விளையாட்டு வாங்கினேன். நீர்மூழ்கிக் கப்பலில் உருளைக்கிழங்கு உரிக்கும் விளையாட்டு வாங்கினேன். நாலு வாங்கினால் ஐந்தாவது இலவசம் என்பதால், எனக்குப் பிடிக்காத நான்கை வாங்கி, அதைவிடப் பிடிக்காத ஒன்றை இலவசமாகப் பெற்றேன். இப்படி அறுபத்து மூன்று சேர்ந்துவிட்டன. அவற்றில் ஒன்றுகூட என் கணினியில் திறக்காது. ஒன்றே ஒன்று மட்டும் திறந்து, "உங்கள் கணினிக்கு வலு போதாது" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு மூடிக்கொள்ளும். ரோடா பின்னால் வந்து நின்றாள். "ஃபானிஸ் அப்பா, விளையாட முடியாத விளையாட்டை எதுக்கு வாங்குறீங்க?" என்றாள். இதனால் எவ்வளவு மிச்சம் தெரியுமா என்று விளக்கினேன். "அப்படியா, அந்த மிச்சத்தை எடுத்து மேசைல வைங்க, பார்க்கலாம்" என்றாள். மிச்சம் என்பது மேசைமேல் வைக்கிற பொருள் அல்ல என்பதைத் தங்கள் தங்கைக்குப் புரியவைக்க யாராலும் முடியாது.

அந்தக் கடையில் மேய்ந்துகொண்டிருந்தபோதுதான் இன்னொரு பக்கம் கண்ணில் பட்டது. நைரோபியில் மூன்று பேர் சேர்ந்து விளையாட்டு ஒன்று செய்கிறார்களாம். செய்து முடிக்கப் பணம் இல்லையாம். விரும்பியவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டால் முடித்துவிடுவார்களாம். என்ன விளையாட்டு? நம் மண்ணின் காளைச் சண்டை! மைதானம், இசுகுட்டி மேளம், புழுதி, மரத்தில் ஏறி உட்கார்ந்திருக்கும் ஜனம், எல்லாம் படமாக இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இது ஹராம்பே அல்லவா! பள்ளிக்கூடத்துக்குக் கூரை போடவும் மருத்துவமனைக் கட்டணம் கட்டவும் நாம் ஊர்கூடி நிதி திரட்டவில்லையா? அதையே இணையத்தில் செய்கிறார்கள், அவ்வளவுதான். உடனே அந்தப் பக்கத்தின் அடியில், "தலைவர் அவர்களே, சிறப்பு விருந்தினர்களே, கூடியிருக்கும் சபையோரே" என்று தொடங்கி ஒரு வாழ்த்துரை எழுதினேன். பின்லாந்திலிருந்து ஒருவர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். தேநீர் எப்போது வழங்கப்படும் என்று கேட்டதற்கு மட்டும் யாரும் பதில் சொல்லவில்லை.

குறைவாகப் போட்டால் கொடையாளர் பட்டியலில் பெயர். கொஞ்சம் கூடப் போட்டால் மைதானத்து மரம் ஒன்றுக்கு நம் பெயர். நிறையப் போட்டால் ஒரு காளைக்கே நாம் சொல்லும் பெயர். நான் மரமாவதற்குப் பிறந்தவன் இல்லை. ஆனால் காளைக்கு என் ஓய்வூதியம் போதாது. ஆகவே நம் வீட்டு முற்றத்திலேயே ஒரு ஹராம்பே வைத்து, ரோடாவின் முட்டைக் கோழியை ஏலம் விட்டேன். தங்களுக்குத் தெரியாததா? கோழியை ஏலத்தில் எடுப்பவர் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுவார், மறுபடி ஏலம் விடுவோம், மறுபடி திருப்பிக் கொடுப்பார்கள். கடைசியில் பணமும் வரும், கோழியும் கூண்டில் இருக்கும். மூன்று சுற்று அப்படியே நடந்தது. நான்காவது சுற்றில் போதகர் எடுத்தார். "ஆண்டவர் தந்தார்" என்றார். திருப்பித் தரவில்லை. மறுநாள் அவர் வீட்டுப் பக்கம் வந்த வாசனையை ரோடா அடையாளம் கண்டுகொண்டாள்.

ஆனால் காளை கிடைத்துவிட்டது! யார் பெயரை வைப்பது என்று நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. நம் குடும்பத்தில் காளை வைத்திருப்பவர், சனிக்கிழமை மைதானத்துக்குள் வந்தால் ஜனம் வழிவிடுகிற மனிதர், என் மனைவியின் அண்ணன். முகாப்வா என்று எழுதினேன். அதன் கீழே, "இவரைப் பற்றி ஐந்து வரிகள்" என்று ஒரு கட்டம் இருந்தது. மச்சான், நான் தவறு செய்தது இங்கேதான். ஹராம்பேயில் சிறப்பு விருந்தினரை எப்படி அறிமுகம் செய்வோம்? அவருடைய நற்குணங்களைச் சொல்வோம். நானும் மனதாரச் சொன்னேன். முகாப்வா அமைதியானவர், சண்டை நடக்கும் இடத்தில் ஒரு நொடிகூட நிற்க மாட்டார் என்று எழுதினேன். எதிரி எவ்வளவு முறைத்தாலும் திரும்பி நடந்துவிடுவார் என்றேன். பெண்களைக் கண்டால் தலை குனிவார், பொழுது சாயும் முன் வீடு சேர்ந்துவிடுவார், சாப்பாட்டை வீணாக்கியதே இல்லை, எங்கே சமைத்தாலும் வாசனை பிடித்தே வந்துவிடுவார் என்றேன். படித்துப் பார்த்தபோது எனக்கே உடம்பு சிலிர்த்தது. இப்படி ஒரு மச்சான் கிடைத்ததற்கு ஆண்டவருக்கு நன்றி சொன்னேன்.

விளையாட்டு தயாரானதும் இரண்டு பிரதிகள் அனுப்பினார்கள். என் கணினியில் திறக்காது என்பதால் ஒன்றைத் தங்கள் மருமகள் ஐரீனின் கணினியில் போடச் சொல்லி, அதையே ஆலயக் கூடத்துக்குக் கொண்டுவந்து, வெள்ளைத் துணி கட்டி, தங்களுக்கு ஜிகினா மாலை போட்டு முன்வரிசையில் உட்காரவைத்தது வரை தங்களுக்கே தெரியும். அதற்குப் பின் நடந்ததும் தெரியும். ஆனாலும் என் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். மேளம் முழங்கியது. "முகாப்வா! முகாப்வா!" என்று ஊரே கத்தியது. திரையில் தங்கள் காளை கம்பீரமாக வந்தது. எதிரே வந்த காளை காலால் மண்ணைக் கிளறியது. தங்கள் காளை அதை ஒருமுறை பார்த்தது. ஓரமாகப் போன ஒரு பசுவுக்குத் தலை குனிந்தது. பிறகு திரும்பி, வீட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்தது. போகிற வழியில் சாணியும் போட்டது. அந்த மூன்று பேரும் மாடுகளை நன்றாகத்தான் கவனித்திருக்கிறார்கள். மறுபடி தொடங்கிப் பார்த்தோம். மறுபடியும் வீட்டுக்கே. ஏழு முறை.

அப்போதுகூடக் கூட்டம் ஓரளவுக்குத்தான் சிரித்தது. தாங்கள் எழுந்து, திரும்பி, அதே நடையில் வாசலைப் பார்த்துப் போனீர்களே, அப்போதுதான் பெஞ்சு உடைந்தது. நேராகப் போயிருந்தாலும் பரவாயில்லை. சமையல் பந்தலில் ஒரு நொடி நின்று கோழிக்கறித் தட்டை எடுத்துக்கொண்டு போனதைத் தவிர்த்திருக்கலாம் என்பது என் தாழ்மையான கருத்து. ரோடா என் முன்னால் வந்து நின்றாள். "எங்கண்ணனை மாடாக்கினீங்க, சரி. மாடுன்னா ஒரு மரியாதை இருக்கு. பயந்தாங்கொள்ளி மாடாக்கிட்டீங்களே!" என்றாள். தாங்கள் கழற்றிப் போட்டிருந்த ஜிகினா மாலையை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டுத் தங்கள் பின்னாலேயே வந்துவிட்டாள்.

உடனே நைரோபிக்குப் போன் போட்டேன். மூவரில் தலைவியாக இருக்கும் கவூதா என்ற கம்பா இனப் பெண் எடுத்தாள். "மகளே, காளை ஓடுதும்மா" என்றேன். "ஆமாங்கையா, ரொம்ப நல்லா ஓடுதில்ல?" என்றாள். "ஓடக் கூடாதும்மா. அது என் மச்சான்." "ஐயா, நாங்க சொந்தமா ஒண்ணும் சேர்க்கல. நீங்க எழுதினதைத்தான் வரிக்கு வரி குணமா வெச்சோம். மத்தவங்க எல்லாம் கொம்பு கூர்மை, பலம், கோபம்னு எழுதினாங்க. நீங்கதான் வித்தியாசமா எழுதியிருந்தீங்க. மாட்டைப் பத்தி இவ்வளவு தெரிஞ்ச மனுசன்னு நாங்க மூணு பேரும் பேசிக்கிட்டோம்" என்றாள். குணத்தை மாற்ற முடியுமா என்று கேட்டேன். பூட்டியாகிவிட்டதாம்.

போன சனிக்கிழமை தங்கள் ஊர் மலின்யா மைதானத்தில் சிமெந்து ஜெயித்தும்கூட, "முகாப்வா, வீட்டுக்குப் போ, உகாலி ஆறுது!" என்று மரத்தின் மேலிருந்து கத்தினார்களாமே. கேட்டு நெஞ்சு வலித்தது மச்சான். சிரிப்பும் வந்தது, மறைக்க மாட்டேன். ஆனால் வலிதான் அதிகம். என் வீட்டுக் கதவு திறந்திருக்கும்போதெல்லாம் அவள் வருகிற சத்தம் போல இருக்கிறது. போய்ப் பார்த்தால் பக்கத்து வீட்டு ஆடு.

ஆகவே தங்கள் முன் நான் உறுதி கூறுவதாவது: கணினியைத் துணியில் சுற்றி அலமாரிக்கு மேலே ஏற்றிவிட்டேன். அறுபத்து மூன்று விளையாட்டுகளையும் மறந்துவிட்டேன். எவன் எந்த ஹராம்பேக்கு இணையத்தில் கை நீட்டினாலும் இனி ஒரு ஷில்லிங் போட மாட்டேன். முகாப்வா என்ற பெயரை மைதானத்தில் இனி யாரும் பார்க்காதபடி எடுத்துவிடச் சொல்லி நாளையே எழுதுகிறேன். ரோடாவுக்குப் புதிய முட்டைக் கோழி ஒன்று வாங்கிக் கூண்டில் விட்டிருக்கிறேன். அதைப் போதகருக்குக் காட்டவில்லை. தாங்கள் வெள்ளிக்கிழமைக்குள் அவளைக் கூட்டிவந்தால், ஊர் முன்னால் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்கிறேன். தயவுசெய்து அவளை அனுப்பிவையுங்கள்.

எடித் அக்காவுக்கு என் வணக்கம். ஐரீனுக்கும் பிள்ளைகளுக்கும் ஆசிகள். சிமெந்துக்கு என் பேரில் ஒரு பிடி உப்பு. தங்கள் வீட்டுக் கூரையும் தொழுவமும் ஆண்டவர் நிழலில் குறையில்லாமல் இருக்கட்டும்.

தங்கள் அன்புக்கு இன்னும் ஆசைப்படும்,
ஹெஸ்பன் லிஹாண்டா

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டியாகிவிட்டது, மறுபடி பிரித்து எழுதுகிறேன். இப்போதுதான் கவூதா போன் செய்தாள். "ஐயா, மலின்யாவுல மினாயோன்னு யாரு?" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிறந்த வீட்டில் தங்கள் தங்கையைக் கூப்பிடும் பெயர் அல்லவா! மூன்று வாரமாக மினாயோ என்ற பெயரில் யாரோ அந்த ஓடுகாலிக் காளையை வைத்தே விளையாடி, வரிசையாகப் பத்தொன்பது சண்டை ஜெயித்திருக்கிறார்களாம். இணையத்தில் நடக்கும் போட்டியில் முதலிடமாம். பின்லாந்துக்காரர் இரண்டாமிடமாம், அழுகிறாராம். என் கைபேசியில் பட்டியலையும் ஆட்டப் பதிவையும் பார்த்தேன். உண்மைதான். இந்த விளையாட்டில் காளைக்குத் தீவனம் வைக்கலாம். மற்ற எல்லோரும் அதை முகாப்வா காளையின் பக்கத்திலேயே வைப்பார்கள். தின்றுவிட்டு அது வீட்டுக்குப் போய்விடும். இவள் தீவனத்தை எதிரிக் காளைக்குப் பின்னால் வைத்திருக்கிறாள். அவ்வளவுதான். நடுவில் நிற்பது எதிரி என்றே நம் காளைக்குத் தெரியவில்லை. எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று யாரோ கேட்டதற்கு அடியிலேயே பதில் எழுதியிருக்கிறாள்: "அவன் என் அண்ணன். சின்ன வயசுலேர்ந்து பார்க்கிறேன். சண்டைக்கு வர மாட்டான். சாப்பாட்டுக்குக் குறுக்கே நின்னா யாரையும் விட மாட்டான்."

ஆகவே மச்சான், மேலே எழுதிய எதையும் பொருட்படுத்த வேண்டாம். ரோடாவை இப்போது அனுப்பாதீர்கள். போட்டி ஞாயிற்றுக்கிழமைதான் முடிகிறது. என் கணினியில் அது திறக்காது, ஐரீனின் கணினியில்தான் திறக்கும். பெயரை எடுக்கச் சொல்லியும் எழுத மாட்டேன். கணினியை அலமாரியிலிருந்து இறக்கிவிட்டேன். மாட்டுத் தொழுவ விளையாட்டு ஒன்று தொண்ணூற்றைந்து சதவீதத் தள்ளுபடியில் இருக்கிறது, அவளுக்கும் ஒன்று வேண்டுமா என்று கேட்டுச் சொல்லவும். கூண்டில் விட்ட கோழியை எடுத்துக்கொண்டு வியாழக்கிழமை நானே அங்கு வருகிறேன். இரைப்பை இந்த முறை ரோடாவுக்கு. எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள்தான்: தங்களுக்கும் தட்டுக்கும் நடுவில் வராத இடமாகப் பார்த்து என் நாற்காலியைப் போடச் சொல்லுங்கள்.