எல்லாம் ஓகே, டாக்டர்

டாக்டரிடம் போய்த் தன் வீட்டில் நோயே இல்லை என்று நிரூபிக்கும் மனிதர் ஒருவர் உண்டு. மலாக்காவில் எந்தக் கிளினிக்கில் எண் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தாலும் உங்கள் பக்கத்தில் அவர் இருப்பார். வேலைக்கு லீவு போட்டு, இருப்பதில் நல்ல சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு, இரண்டு மணி நேரம் காத்திருந்து, உள்ளே போனதும் சொல்வார்: "எல்லாம் ஓகே, டாக்டர்."

பிறகு எதற்கு வந்தார்? அதைச் சொல்லத்தான்.

புக்கிட் பெருவாங்கில் குடியிருக்கும் காந்தனையே எடுத்துக்கொள்ளுங்கள். பத்து பெரண்டாம் வட்டாரத்தில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். ஒன்பது வயது மகள் அகல்யா வாரத்தில் நாலைந்து இரவு படுக்கையை நனைத்துவிடுகிறாள். அடுத்த மாதம் இரவு தங்கும் பள்ளி முகாம்; தோழிகள் எல்லோரும் பெயர் கொடுத்தாயிற்று, அவள் மட்டும் கொடுக்கவில்லை. எவ்வளவு தண்ணீர் குடிக்கிறாள், பகலில் எத்தனை முறை சிறுநீர் போகிறது, மலச்சிக்கல் உண்டா, எந்தெந்த இரவு நனைந்தது என்று இரண்டு வாரம் குறித்துவர டாக்டர் பவானேஸ்வரி ஒரு தாள் கொடுத்திருந்தார்.

காந்தன் குறித்தார். தணிக்கைக்கு ஆள் வரும் அன்று காலை தொழிற்சாலையில் எப்படிக் குறிப்பாரோ, அப்படி. ஒரே மூச்சில், ஒரே நீலப் பேனாவில், 'நனையவில்லை' என்ற கட்டத்தில் பதினான்கு டிக்.

டாக்டர் தாளைப் பார்த்தார். "பதினாலு நாளும் நனையவே இல்லையாண்ணே?"

"ஒண்ணு ரெண்டு இருக்கும்லா. அதெல்லாம் எழுதினா நல்லாவா இருக்கும்?"

"மலச்சிக்கல்?"

"நம்ம வீட்ல அதெல்லாம் கிடையாது."

"குடும்பத்துல வேற யாருக்காச்சும் சின்ன வயசுல இப்படி இருந்துச்சா?"

"சேச்சே. நம்ம பரம்பரையிலயே இல்ல."

அகல்யா தன் செருப்பைப் பார்த்தபடி சொன்னாள்: "அப்பா அஞ்சாம் ஆண்டு படிக்கிற வரைக்கும் தினம் பாயக் காயப்போட்டாருன்னு அத்தை சொன்னாங்க."

காந்தன் சுவரிலிருந்த டெங்கி அறிவிப்பை மிகுந்த கவனத்தோடு படிக்கத் தொடங்கினார்.

டாக்டர் சிரிக்கவில்லை. "அப்பாவுக்கு இருந்தா பிள்ளைக்கும் வரலாம்மா. உன் தப்பு ஒண்ணுமில்ல." புதுத் தாள் ஒன்றைத் தகப்பனிடம் நீட்டப் போனவர், பாதியில் கையைத் திருப்பி மகளிடம் கொடுத்தார். "நீயே எழுது, உள்ளத உள்ளபடி. கேம்ப்புக்கு என்ன செய்யலாம்னு அத வச்சுத்தான் பாக்கணும்."

"பென்சில்ல எழுதலாமா?"

"எழுது. அப்பா கையில மட்டும் கிடைக்காம பாத்துக்க."

காந்தனைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள். நல்லது. கடைசியாக உங்கள் டாக்டர் "சீனியக் குறைச்சாச்சா?" என்று கேட்டபோது நீங்கள் என்ன சொன்னீர்கள், எதிர்க்கடையில் குடித்த தே தாரிக் டீயின் நுரையை உதட்டில் வைத்துக்கொண்டு?