உங்ககிட்ட மட்டும்

காதோரக்காரர் என்று மனிதரில் ஓர் இனம் உண்டு. ஆபீசுக்கு ஒன்று நிச்சயம். வாலோ கொம்போ கிடையாது என்பதால் அடையாளம் சொல்லிவிடுகிறேன்: நேராக வரமாட்டார், சாய்ந்து வருவார். முதலில் கதவைப் பார்ப்பார், அப்புறம் ஜன்னலை, அப்புறம் யாருமே உட்காராத நாற்காலியை. பிறகு வாய்க்கு ஃபைலைத் திரை பிடித்துக்கொண்டு, "உங்ககிட்ட மட்டும் சொல்றேன், வெளிய போகக் கூடாது" என்பார். போகாது. அவரே கொண்டுபோய் விடும்போது அது ஏன் தனியாகப் போக வேண்டும்?

நம் ஆள் ஓர் அட்டைப்பெட்டி கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். டிரைவர் வேலையை விடப்போவது டிரைவரின் மனைவிக்கு முன்னால் அவருக்குத் தெரியும். மேனேஜர் தலையில் இருப்பது மேனேஜர் முடி இல்லை என்பது, அவர் புண்ணியத்தில், பசை காய்ச்சுகிறவர் வரைக்கும் தெரியும்.

ஒருநாள் காலையில் மேனேஜர் கூப்பிட்டார். "எல்லா செக்‌ஷனுக்கும் போய் வர்ற ஆளு நீங்கதான். போன்ல ஆர்டர் எடுக்கிறவங்களை புதுக் கிளைக்கு மாத்துறோம். சாயங்காலத்துக்குள்ள எங்கிட்ட பேரு குடுக்கணும், இல்லேன்னா வேலை போயிடும். எல்லார்கிட்டயும் சொல்லிடுங்க."

எல்லாரிடமும்! நம் ஆள் காற்றுப்போன டயர் மாதிரி வெளியே வந்தார். எல்லாரிடமும் சொல்லலாம் என்றால் அது ஒரு செய்தியா? அதற்கு எதற்குக் காது? பேசாமல் ஸ்டோருக்குப் போய் அட்டையை அடுக்கினார்.

மத்தியானம் மேனேஜர் மறுபடி கூப்பிட்டார்.

"ஒருத்தர்கூட வரலையே, சொன்னீங்களா இல்லையா?"

"எல்லாருக்கும்னு சொன்னீங்களே சார். அதான், எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும்னு..."

மேனேஜர் தலையில் அடித்துக்கொள்ளக் கையைத் தூக்கி, முடி ஞாபகம் வந்து, இறக்கிக்கொண்டார். பிறகு எழுந்து கதவைச் சாத்தினார். குரலைத் தாழ்த்தினார்.

"சரி. யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க."

டீ ஆறுவதற்குள் அறை வாசலில் வரிசை நின்றது. பசை காய்ச்சுகிறவர்கூட நின்றார், எதற்கென்று அவருக்கே தெரியாது.

ஆர்டர் எடுக்கும் போன் அக்காவை மட்டும் வரிசையில் காணோம். யாரோ ஒரு வாடிக்கையாளரிடம் பெட்டி அளவு கேட்டுக்கொண்டிருந்தார். நம் ஆள் ஓடினார். கிடைத்த காதிலெல்லாம் ஊதுகிறவர், அக்காவின் நாற்காலியை ஒரு சுற்றுச் சுற்றி, ரிசீவர் ஒட்டியிருந்த வலது காதுப் பக்கம் குனிந்தார்.

"அக்கா, போனை வைங்க. போய் பேரு குடுங்க, இல்லேன்னா வேலை போயிடும்."

"ஊருக்கெல்லாம் சொல்லிட்டு கடைசியாத்தான் என் ஞாபகம் வந்துச்சா தம்பி?"

"முதல்ல போங்க. திட்டுறத அப்புறம் வச்சுக்கலாம்."

அக்காவுக்கு இடது காது கேட்காது. தெரிந்தால் போனில் உட்கார விடமாட்டார்களே என்ற பயத்தில் ஒருநாள் நம் ஆளிடம் மட்டும் சொல்லி அழுதிருந்தார். போயும் போயும் அவரிடம்! ஆனால் வருஷக்கணக்காக அது ஒன்று மட்டும் ஸ்டோரைத் தாண்டவில்லை. எப்போதாவது தொண்டை வரைக்கும் வரும். உடனே யாரையாவது பிடித்து மேனேஜர் முடியைப் பற்றிச் சொல்லிச் சமாளித்துவிடுவார்.

காது விஷயம் உங்களிடம் மட்டும் சொன்னது. அக்காவின் பிழைப்பு, வெளியே போகக் கூடாது.

சரிதானே? பின்னே ஏன் கதவைப் பார்க்கிறீர்கள்?