கால் ஆறியது வெள்ளித் தண்ணீரால்

நேமம், திருவனந்தபுரம்
வியாழக்கிழமை

அன்புள்ள மைத்துனன் ஜெபசிங்குக்கு,

அத்தான் வேதமாணிக்கம் எழுதுவது. கர்த்தருடைய கிருபையாலும் நீ வாட்ஸாப்பில் அனுப்பிய வீடியோவாலும் நானும் உன் அக்காள் தாசம்மாளும் இங்கே சுகம். மார்த்தாண்டத்தில் நீயும் பிள்ளைகளும் சுகமாயிருக்க ஜெபிக்கிறோம். போனில் சொன்னால் "சரி அத்தான், சரி அத்தான்" என்று பாதியில் வைத்துவிடுவாய் என்பதால் நன்றியைக் காகிதத்திலேயே எழுதுகிறேன். என் கால் புண் ஆறிவிட்டது.

சர்க்கரைக்காரன் காலில் புண் வந்தால் ஆஸ்பத்திரியில் என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியும். என் அண்ணன் செருப்புக் கடித்த புண்ணோடு உள்ளே போனார், முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லாமல் வெளியே வந்தார். யார் சொன்னாலும் அந்தப் படி ஏறமாட்டேன், மாத்திரையும் தொடமாட்டேன் என்று நான் கட்டிலைப் பிடித்துக்கொண்டிருந்தபோதுதான் உன் வீடியோ வந்தது. வெள்ளிக் கம்பி இரண்டு, பாட்டரி மூன்று, ஒரு கண்ணாடித் தம்ளர் தண்ணீர். கரண்டு விட்டால் வெள்ளி கண்ணுக்குத் தெரியாத பொடியாகத் தண்ணீரில் இறங்கும், குடித்தால் எந்தப் புண்ணும் ஆறும் என்றான் வீடியோவில் பேசிய மனுஷன். முப்பத்தோரு வருஷம் லைன்மேனாக இருந்தவனுக்குக் கரண்டாலேயே சுகம் கிடைப்பதைவிடப் பெரிய மரியாதை என்ன இருக்கிறது, நீயே சொல்.

பேத்தி ஆர்ஷா குழந்தையில் கட்டியிருந்த வெள்ளி அரைஞாணை எடுத்துக்கொண்டு ஆரியசாலைக் கடைத்தெருத் தட்டானிடம் நொண்டி நொண்டிப் போய்க் கம்பியாக இழுத்து வந்தேன், அதில் பாதி செம்பு போலிருக்கிறது, முதல் தம்ளர் பச்சையாக வந்தது, வேறு சுத்த வெள்ளிக் கம்பி வாங்கிப் பைப்புத் தண்ணீரில் விட்டேன், நீர்மோராய் வெளுத்தது, சீக்கிரம் ஆகட்டுமென்று ஒரு சிட்டிகை உப்புப் போட்டேன், தயிராகத் திரண்டது, கடைசியில் பாட்டரிக் கடையில் விற்கும் தண்ணீரை வாங்கி ஊற்றிய பிறகுதான் லேசான மஞ்சள் நிறம் வந்தது. லேசர் டார்ச்சை அடித்துப் பார்த்தேன், தண்ணீருக்குள் செக்கச் செவேலென்று ஒரு கோடு நேராக ஓடியது. வெள்ளி இறங்கியதற்கு அதுதான் அடையாளமாம். அன்றைக்கு என் சந்தோஷத்தைத் தாசம்மாள் பார்த்திருக்கிறாள்.

அதன் பிறகு தினமும் காலையில் ஒரு தம்ளர். "கரண்டு ஏறின தண்ணி, கொஞ்சம் ஆறட்டும்" என்று தாசம்மாள் அடுக்களைக்குக் கொண்டுபோய் ஒரு மணி நேரம் கழித்துத் தருவாள். சாயங்காலம் பக்கத்து வீட்டு நர்ஸ் ஷிபா என் விஞ்ஞானத்தைப் பார்க்க வருவாள். வந்தவள் சும்மா இருக்கவில்லை, புண்ணைக் கழுவிக் கட்டிவிட்டு, போனில் படம் எடுத்து, ரத்தத்தில் வெள்ளி எவ்வளவு சேர்ந்தது என்று விரலில் குத்தியும் பார்ப்பாள். "அங்கிளே, வெள்ளி நல்லா ஏறியிட்டுண்டு கேட்டோ" என்பாள் பாதி மலையாளத்தில். சின்னச் சின்னக் குறைகள் இல்லாமலில்லை. கஞ்சி வேப்பங்காயாகக் கசந்தது, கேட்டால் வெந்தயம் கூடிப்போச்சு என்றாள் உன் அக்காள். ஆறவைத்த தண்ணீரில் டார்ச் அடித்தால் கோடே தெரியவில்லை, செல் தீர்ந்திருக்கும். வெயிலில் கறிவேப்பிலைச் செடியும் பட்டுப்போனது.

ஆறே வாரத்தில் புண் மூடிவிட்டது. வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எழுந்து நின்று சாட்சி சொல்லப் போகிறேன். தம்ளரையும் கம்பியையும் கையில் பிடித்துக்கொண்டு, உன் பேரைச் சொல்லி, மாத்திரையெல்லாம் எதற்கு என்று கேட்கப் போகிறேன். நம் சபையில் சர்க்கரைக்காரர்கள் பத்துப் பேருக்குக் குறையாது. இரண்டு பேர் இப்போதே கம்பி கேட்டிருக்கிறார்கள்.

கர்த்தர் உன் வீட்டையும் கடையையும் முக்கியமாக உன் போனையும் ஆசீர்வதிப்பாராக.

உன் நன்றி மறவாத அத்தான்,
வேதமாணிக்கம்

பி.கு.: கவரை ஒட்டுமுன் இதைத் தாசம்மாளுக்கு வாசித்துக் காட்டினேன். சாட்சி என்ற இடம் வந்ததும் எழுந்து போய், அரிசிப் பானைக்குள்ளிருந்து ஒரு பை நிறையக் காலி மாத்திரை அட்டைகளைக் கொண்டுவந்து என் மடியில் கொட்டினாள். ஷிபா புண்ணின் படத்தை டாக்டரிடம் காட்டி வாங்கி வந்தவை. பொடித்துக் கஞ்சியில் கலந்தது உன் அக்காள். விரலில் குத்தியது சர்க்கரை பார்க்க. ஆறு வாரமும் நான் குடித்தது கொதித்தாறிய பைப்புத் தண்ணீர், வெள்ளித் தண்ணீரைக் குடித்தது கறிவேப்பிலை.

"இவ்வளவு நாள் மறைத்தவள் இப்போது ஏன் சொல்கிறாய்" என்றேன்.

"உங்க ஒருத்தர் காலுக்குன்னா ஆயுசு முழுக்கக் கள்ளம் சொல்லியிருப்பேன். சபையில பத்துப் பேரு உங்க பேச்சைக் கேட்டு மாத்திரையைத் தூரப் போட்டா, அவங்க கஞ்சியில எல்லாம் நானா போய்க் கலக்குவேன்" என்றாள்.

கோபம் வந்தது. எழுந்து நின்றேன், இரண்டு கால்களாலும் நின்றேன். கோபம் போய்விட்டது.

நீயும் தினம் ஒரு தம்ளர் குடிக்கிறாயே, இன்றோடு நிறுத்து. தோல் சாம்பல் நிறமானால் பிறகு மாறாது என்கிறாள் ஷிபா. மேலே எழுதிய நன்றியை உன் அக்காள் பேருக்கு மாற்றிவிட்டேன், ஆசீர்வாதத்தை மட்டும் நீ வைத்துக்கொள். ஞாயிற்றுக்கிழமை சாட்சி உண்டு, தாசம்மாளைப் பற்றி. இன்றும் கஞ்சி கசந்தது. தெரிந்தே முழுவதும் குடித்தேன்.