அப்பாவுக்குப் பத்து மீட்டர்

அரைகுறையாகக் கற்றவர் கையில் விசிலைக் கொடுக்கக் கூடாது. எனக்குக் கொடுத்தார்கள்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். உடற்கல்வியில் பட்டமும் வாங்கியவள். (இதை யாரும் கேட்காமலே சொல்வேன்.) திரேஸ்புரம் கடற்கரையில் அணிக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்து இறுதிப் போட்டிக்கு என்னை நடுவராகப் போட்ட விழாக்குழு அண்ணாச்சி, "பொம்பளப் புள்ள விசிலுக்கு இவனுவ அடங்குவானுவளா? சரிப்படலன்னா இதோட சரி" என்றார்.

அடக்க என்னிடம் ஆயுதம் இருந்தது. ஒரு வீடியோவில் பார்த்திருந்தேன்: ரக்பியில் நடுவரிடம் கேப்டன் மட்டுமே பேசலாம். வாதாடினால் எதிரணியின் ஃப்ரீ கிக்கைப் பத்து மீட்டர் முன்னால் தள்ளி வைப்பார்கள். கால்பந்துக்கும் இதுதான் மருந்து என்று மைக்கிலேயே அறிவித்துவிட்டேன்.

ஆட்டம் முடியும் நேரம். சமநிலை. எங்கள் ஊர்ப் பையன் எதிரணிப் பெரியதாழைக்காரனின் காலை வாரிவிட்டான். ஊதினேன். எங்கள் ஊர் அணி ஏழு பேரும் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"கேப்டன் மட்டும் பேசுங்க."

ஏழு பேரும் ஒரே வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிறவர்கள். வள்ளத்தை ஓட்டுபவர்தான் அவர்களுக்குக் கரையிலும் கேப்டன். ஏழு கைகளும் கோட்டுக்கு வெளியே நீண்டன. சாரத்தை மடித்துக் கட்டியபடி உள்ளே வந்தார் என் அப்பா.

"ஏளா, அவன் தொடவே இல்ல."

"வாதாடக் கூடாது. பத்து மீட்டர்."

"கேப்டன் பேசலாம்னு நீதான சொன்ன?"

"சத்தம் போடக் கூடாது. பத்து மீட்டர்."

"எப்பவும் பேசுத மாதிரிதான பேசுதேன்." (உண்மைதான். எஞ்சின் இரைச்சலுக்கு மேலே பேசிப் பழகியவர். வீட்டில் உப்புக் கேட்டாலே தெரு திரும்பிப் பார்க்கும்.)

"பத்து மீட்டர்."

"சரி, வாய மூடிக்கிடுதேன், போதுமா?"

"பத்து மீட்டர்."

இப்படியே பந்து கோல் கம்பத்தைத் தாண்டி ஈர மணலுக்குப் போய்விட்டது. (ரக்பியில் இதற்கு ஓர் எல்லை உண்டாம். அந்த வீடியோவை நான் முழுதாகப் பார்க்கவில்லை.)

பெரியதாழை கேப்டன் பணிவாகக் கேட்டான்: "மேடம், இனி நீந்திட்டே அடிக்கணுமா?"

நான் யோசித்து முடிப்பதற்குள் ஓர் அலை வந்து பந்தைக் கொண்டுபோனது. வேறு பந்து இல்லை. கோப்பையை இரண்டு ஊருக்கும் பொதுவாக்கினார்கள்.

முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு நழுவிய என்னை அண்ணாச்சி நிறுத்தினார். "ஏளா, ஒங்கப்பன் ஒருத்தனத் தவிர எவனும் வாயத் தொறக்கல. அடுத்த வருசமும் நீயே வா. அவன மட்டும் அன்னைக்குக் கடலுக்கு அனுப்பிரு."

இன்றும் அப்பா சாப்பாட்டில் குறை சொன்னால் அம்மா மீன்குழம்புச் சட்டியை நகர்த்தி, "பத்து மீட்டர்" என்பாள்.

"நான் கேப்டன்லா?" என்று அப்பா என்னைப் பார்ப்பார்.

நான் அம்மாவை நோக்கிக் கை நீட்டுவேன்.